பழவேற்காட்டுப் பாடு

வீரசோழன்காரர் ஒருவருக்குக் கடலைப் பார்க்க ஆசை வந்தால், அவர் வடக்கே வெகுதூரம் போகவேண்டிய அவசியமே இல்லை. கிழக்கே தேவிபட்டினம் இருக்கிறது. தெற்கே சாயல்குடியைத் தாண்டினால் மூக்கையூர் இருக்கிறது. காலையில் பழையது சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால், உச்சி வெயிலுக்குள் உப்புத் தண்ணீரில் கால் நனைத்துவிடலாம். அப்படியிருக்க, மாசி முடிந்து பங்குனி பிறக்கும் தறுவாயில், மானாமதுரையில் ரயிலேறி, இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்கி, சென்னைப் பட்டணத்தையும் தாண்டிச் சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே நாம் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எதற்காக என்று நேயர்கள் கேட்பது நியாயமே.

காரணம் ஒரு கைலிதான்.

வீரசோழன் சந்தையில் மிளகாய் வியாபாரம் செய்யும் முஸ்லிம் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. மலேசியாவில் இருக்கும் அவருடைய உறவினர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது, கட்டம் போட்ட கைலியைக் காட்டி, “இதற்கு அங்கே மலாய்க்காரர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர் சொல்லுகிறார்கள்” என்றாராம். ‘காயின்’ என்றால் துணி, அது சரி. ‘பெலிக்காட்’ என்றால் என்ன? நண்பர் நம்மிடம் வந்து கேட்டார். அது ஓர் ஊரின் பெயர், நம் தமிழ்நாட்டின் வடகோடியில் இருக்கும் பழவேற்காடுதான் என்று சொன்னோம். அந்தப் பெயரையே வெள்ளைக்காரர்கள் ‘புலிகாட்’ ஆக்கினார்கள். கடை வியாபாரிகள் ‘பளையகாட்’ ஆக்கினார்கள். கடல் தாண்டியதும் ‘பெலிக்காட்’ ஆகிவிட்டது. “அப்படியானால் நாற்பது வருஷமாக இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கும் ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டாமா?” என்றார் நண்பர். இதைவிட நல்ல காரணம் ஒரு பிரயாணத்துக்கு வேண்டுமா?

வறண்ட சீமையும் வடகரையும்

நம்முடைய சீமையில் பங்குனி மாதம் எப்படியிருக்கும் என்பதை அந்தப் பக்கத்து நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லுகிறோம். கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிடும். கரிசல் பூமி பாளம் பாளமாக வெடித்து வாயைத் திறந்துகொள்ளும். ஊருக்கு ஊர் களத்தில் மிளகாய்ப் பழம் சிவப்பு ஜமக்காளம் விரித்தாற்போல் காய்ந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் காற்று அடித்தால் ஊர் முழுவதும் தும்மும். பச்சை என்று கண்ணுக்குத் தென்படுவது சீமைக் கருவேல் ஒன்றுதான். பெயரில் சோழன் இருந்தும், வீரசோழனுக்குக் காவேரியின் பாக்கியம் கிடைக்கவில்லை. வானத்தையும், கிருதுமால் நதியில் என்றைக்காவது திறந்துவிடப்படும் வைகைத் தண்ணீரையும் நம்பியே அந்த வட்டாரம் ஜீவனம் செய்கிறது.

இந்தக் காட்சியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பழவேற்காடு எப்படி இருக்கும்? சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறினோம். வயல்கள் குறைந்து, பனைகள் பெருகி, காற்றில் உப்பு வாடை ஏறியது. திடீரென்று இடப்பக்கமும் வலப்பக்கமும் பூமி தீர்ந்துபோய், எதிரே தண்ணீர், தண்ணீர், தண்ணீர்! கண்மாயை எண்ணி எண்ணிப் பார்த்த கண்களுக்கு அது கடலாகவே பட்டது. நண்பர் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டார். பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே, “உக்காருங்க பாய், இது ஏரிதான். கடல் அந்தாண்டை இருக்குது” என்றாள்.

ஆம், அது ஏரிதான். ஆனால் நாம் அறிந்த ஏரி போன்றதல்ல. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் உப்பங்கழி. இந்தியாவில் ஒரிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரிய உப்பங்கழி இதுவே. பெரும்பகுதி ஆந்திரத்தில் சேர்ந்தது. தென்கோடி மட்டும் நமக்கு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒரு நீளமான மணல் திட்டு மதில் சுவர் போலப் படுத்திருக்கிறது. அதில்தான் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1979 ஆகஸ்டு 10-ம் தேதி, செயற்கைக் கோளைச் சுமந்த இந்தியாவின் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பி, குறியை எட்டாமல் கடலில் விழுந்தது. அடுத்த வருஷம் வெற்றி கிட்டியது. இன்றைக்கும் ராக்கெட் விடும் நாளில் இந்தப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாதென்று எச்சரிக்கை வரும். ஆகாயத்தில் நெருப்பு ஏறுவதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் அதே பழைய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

துணி போன வழி

முதலில் கைலியின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம்.

பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர்கள் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே போர்த்துகீசியர் இங்கே இருந்தார்கள். 1515-ல் தோன்றியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் அதற்குச் சாட்சி. அவர்களுக்கும் முன்பே அரபு நாட்டிலிருந்து படகேறி வந்து குடியேறியவர்களின் சந்ததி நாங்கள் என்று இந்த ஊர் முஸ்லிம்கள் பரம்பரையாகச் சொல்லுகிறார்கள். 1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்ற டச்சுக்காரர்கள், 1613-ல் ஒரு கோட்டையும் கட்டிக்கொண்டார்கள். அதற்குக் கெல்டிரியா என்று தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தலம் இதுதான்.

அவர்கள் எதற்காக வந்தார்கள்? கிழக்குத் தீவுகளில் விளைந்த மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் அவர்களுக்கு வேண்டும். தீவுக்காரர்களுக்கோ நம் நாட்டுத் துணி வேண்டும். சாயவேரில் தோய்ந்த சிவப்பு, தண்ணீரில் அலச அலச மங்காத சிவப்பு, அவர்கள் கண்ணைப் பறித்தது. ஆகவே டச்சுக் கம்பெனியார் நம் தறிக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணியை வாங்கி, அதைக் கிழக்கே கொண்டுபோய்ப் போட்டு வாசனைச் சரக்காக மாற்றி, ஐரோப்பாவில் விற்றுப் பணமாக்கினார்கள். கட்டம் போட்ட பழவேற்காட்டுக் கைக்குட்டைகளுக்கு அந்நாளில் பெரிய கிராக்கி. ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் துணிக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

இவ்வளவு சொன்னதும் நண்பரின் முகத்தில் ஒரு பெருமை ஏறியது. ஆனால் அந்தக் கப்பல்களில் துணி மட்டும் போகவில்லை. பஞ்சமும் யுத்தமும் வந்த வருஷங்களில், கஞ்சிக்கு வழியில்லாத தாய் தகப்பன்மார் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்றார்கள். அப்படி விலைக்கு வந்த ஜனங்களைச் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு ஏற்றிச் சென்றார்கள். பத்தேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அந்தத் துறைமுகங்களில் பழவேற்காடும் ஒன்று. துணி தன் பெயரை அங்கே நிலைநாட்டிக்கொண்டது. அந்த மனிதர்களின் பெயர்கள் யாருக்குத் தெரியும்?

கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றி 1806-ல் இடித்தார்கள். 1825-ல் ஊரும் அவர்கள் வசமே நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தது. இன்று கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் புதரும் மண்டிய ஒரு மேடும், சுற்றிலும் அகழியின் சுவடும்தான் மீதி. நம் ஊர்ச் சீமைக் கருவேல் அங்கேயும் வந்து குடியேறியிருப்பதைக் கண்டு, உறவினரைச் சந்தித்ததுபோல் இருந்தது!

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே அழகான எழுத்துக்களும் குடும்பச் சின்னங்களும் பொறித்த கற்கள். பொன் தேடி வந்தவர்கள், அவர்களுடைய மனைவிமார், சிறு குழந்தைகள் எல்லோரும் அங்கே உறங்குகிறார்கள். சற்றுத் தள்ளி விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், செம்பாறாங்கல்லால் கட்டியது. அதில் விரல் நீளத்துக்கு ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கும் நுணுக்கத்தைக் குனிந்துதான் பார்க்கவேண்டும். சின்னப் பள்ளிவாசலில் நிழலைக் கொண்டு தொழுகை நேரம் அறியும் சூரிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. நண்பர் தம் கைக்கடிகாரத்தோடு அதை ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் இந்த ஊரிலும் வழங்கியது என்று கேட்டபோது, தம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் படித்ததை நினைத்துக்கொண்டார்.

ஆனால், நம் மனத்தில் ஆழப் பதிந்தவை கோட்டையும் கல்லறையும் அல்ல. ஏரிக்கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்ட சமாசாரமே நாம் ஊருக்குக் கொண்டுவந்த சரக்கு.

பாடு என்றால் என்ன?

தமிழில் ‘பாடு’ என்ற சொல்லுக்குப் பொருள் அதிகம். உழைப்பும் பாடுதான், கஷ்டமும் பாடுதான். “உன் பாடு தேவலை” என்றால் அதிர்ஷ்டமும் அதுவே. பழவேற்காட்டில் இவை எல்லாவற்றையும் சேர்த்து, மீன் பிடிக்கும் முறைக்கே பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏரி பரந்தது என்றாலும், இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீரோட்டம் வேகமாக ஓடும் வாய்க்கால்களில்தான் நிறையக் கிடைக்கும். அங்கே கழிகளை ஊன்றி, ஓட்டத்துக்குக் குறுக்கே வலை கட்டினால், தண்ணீரே இறாலைக் கொண்டுவந்து வலைக்குள் போட்டுவிடும். அப்படிப்பட்ட நல்ல இடங்கள் சிலவே. ஆட்களோ பலர். வலுத்தவன் முந்திக்கொண்டால் மற்றவன் என்ன செய்வான்? இதற்காகவே முன்னோர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று குப்பங்கள் இந்தப் பாட்டில் பழைய பங்காளிகள். ஊர்க் கணக்கில் ‘தலைக்கட்டு’ என்று பெயர் ஏறிய ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். ஒரு நாள் நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த தடவை சுமாரான இடம் வரும். சுமாரான இடத்தில் நின்றவன் நல்ல இடத்துக்குப் போவான். சுற்றி வந்து கணக்குப் பார்த்தால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சந்தர்ப்பம்.

“ஒருத்தனுக்குக் கூடை கூடையா விழுந்து, உங்களுக்கு ஒண்ணும் இல்லாம போனா, வயித்தெரிச்சல் வராதா பெரியவரே?” என்று நண்பர் கேட்டார்.

பெரியவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “வரும் பாய். மனுஷன்தானே? ஆனா நாளைக்கு அந்த எடம் எனக்கு வருதே. அவன் எங்கே போவான்? எரிச்சல் படறதுக்கும் முறை இருக்குது.”

நண்பர் சிரித்துவிட்டார். பிறகு தம் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கண்மாயில் தண்ணீர் குறைந்ததும், மடை திறப்பதற்கு ஊர் கூடி முறை வைப்பார்கள். இன்னாருக்கு இன்ன நேரம் என்று கணக்கு. நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆள். அவர்தான் மண்வெட்டியோடு வரப்பு வரப்பாகப் போய் வாமடையைத் திறந்து அடைப்பார். பெரிய பண்ணையாயிருந்தாலும் அரைக் குறுக்கம் வைத்திருப்பவராயிருந்தாலும், தம் முறைக்கு முன் வாமடையில் கை வைக்கக்கூடாது. இராத்திரியில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் திருப்பியவர் மறுநாள் ஊருக்கு முன் நின்று பதில் சொல்லவேண்டும்.

“அப்போ உங்க ஊரிலே தண்ணிக்குப் பாடு, எங்க ஊரிலே தண்ணியிலே பாடு” என்றார் பெரியவர்.

அறுநூறு கிலோமீட்டர் தூரத்தில், கடலையே காணாத ஒரு வறண்ட கிராமமும், தண்ணீரைத் தவிர வேறெதையும் காணாத ஒரு குப்பமும், ஒன்றையொன்று அறியாமலே ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. குறைவாயிருக்கும் பொருளைக் கூறு போட்டு விற்காமல், முறை போட்டு அனுபவிப்பது. இதை இவர்களுக்கு எந்தக் கலாசாலையும் கற்பிக்கவில்லை. பஞ்சம் வந்தால் கப்பலேற வேண்டும் என்ற பாடத்தைக் கண்ணால் கண்ட கரை இது. அக்கம்பக்கத்தாரோடு பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்தவனே ஊரில் நிலைத்தான்.

பாட்டுக்கு வெளியே இருப்பவர்கள்

இந்த முறையைப் புகழ்ந்துவிட்டு மட்டும் வந்துவிட நமக்கு மனம் வரவில்லை. முறை என்று ஒன்று இருந்தால், முறைக்கு உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று இரண்டு வகுப்பும் உண்டாகிவிடுகிறது. பாட்டுக்கு உரியவர்கள் பரம்பரையாகப் பட்டினவர் சமூகத்தார். ஏரியை நம்பியிருக்கும் மற்றவர்கள், பின்னால் மீன் பிடிக்க வந்த குப்பத்தார், விவசாயக் கூலி குறைந்ததால் தண்ணீரில் இறங்கியவர்கள் ஆகியோருக்கு அந்த நல்ல இடங்களில் பங்கு இல்லை. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை ஏற்பட்டு விலை உயர்ந்த பிறகு, “எங்களுக்கும் ஏன் இல்லை?” என்ற கேள்வி உரத்து எழுந்தது, சண்டைகளும் நடந்தன.

கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் சிலரைப் பார்த்தோம். அவர்களிடம் வலையும் இல்லை, படகும் இல்லை. சேற்றைக் கையால் துழாவி, விரல் நுனியில் தட்டுப்படும் இறாலைப் பிடித்து, பனையோலையில் முடைந்த சிறு பறியில் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறினால் கையும் காலும் என்னாகும்? அவர்களுக்கு எந்தச் சீட்டும் விழுவதில்லை.

நம் கண்மாய்களின் கதையும் இதேதான் என்பதை மறைப்பானேன்? மடையைத் திறந்து எல்லோர் வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சிய நீர்ப்பாய்ச்சிக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத ஊர் எத்தனை! பங்கிடத் தெரிந்த ஊர், பங்காளி யார் என்பதையும் காலத்துக்கேற்ப விரித்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

வாய் திறந்தால் வாழ்வு

பெரியவரிடம் விடைபெற்று, பாலத்தைக் கடந்து, கலங்கரை விளக்கம் இருக்கும் மணல் திட்டுக்குப் போனோம். ஏரிக்குக் கடலோடு உறவு உண்டாக்கும் முகத்துவாரம் அதன் ஓரத்தில் இருக்கிறது. பழவேற்காட்டின் உயிர் அந்தச் சிறிய வாயில்தான் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது, ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரை ஏரியில் கொண்டுவந்து கொட்டுகின்றன. வெள்ளம் மணலை உடைத்து முகத்துவாரத்தை அகலமாக்குகிறது. பிறகு கடல் நீர் ஏறி இறங்குகிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அந்த ஏற்றத்தோடு ஏரிக்குள் புகுந்து, இரண்டும் கலந்த தண்ணீரில் கொழுத்து வளர்ந்து, மறுபடியும் கடலை நோக்கித் திரும்புகின்றன. திரும்பும் வழியில்தான் பாட்டு வலைகள் காத்திருக்கின்றன. மடவையும் கொடுவாயும் நண்டும் இந்தக் கலப்பிலேதான் பெருகுகின்றன.

வெயில் காலம் வந்து ஆற்று வரத்து நின்றதும், கடலலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கத் தொடங்குகிறது. வாய் அடைபட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் காய்ந்து காய்ந்து, கடலைவிட அதிக உப்பாகிவிடும். இறால் குஞ்சு வர வழியில்லை. மீன் செத்து மிதக்கும். அப்போதெல்லாம் குப்பத்து ஜனங்களே மண்வெட்டியோடு போய் மணலை வெட்டி வாயைத் திறந்திருக்கிறார்கள். வெட்டிய இடம் சில நாளில் மூடிக்கொள்ளும், மறுபடியும் வெட்டுவார்கள். இரு பக்கமும் கல் அணைச் சுவர் எழுப்பி வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டுமென்பது அவர்களுடைய நெடுநாளைய கோரிக்கை. அதற்கான வேலையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வாய் ஒன்று மட்டுமா தொல்லை? வருஷா வருஷம் வண்டல் படிந்து ஏரி மேடாகி வருகிறது. சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். தெற்கே எண்ணூரில் அனல் மின் நிலையங்கள் எழுந்தன. 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும் அதன் பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் திறக்கப்பட்டன. அவை பெருகப் பெருகக் கரை அரிக்கும், மீன் அகலும் என்று குப்பத்து ஜனங்கள் அஞ்சுகிறார்கள். நாட்டுக்குத் துறைமுகம் வேண்டாமென்று சொல்லக்கூடியவர்கள் அல்ல நாம். ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முறை வைத்துச் சாப்பிடும் ஓர் இலையில் கை வைக்கும்போது, அந்தக் குடும்பங்களின் வார்த்தைக்கும் ஒரு முறை கொடுக்கவேண்டாமா?

சிவப்புச் சிறகு

மாலையில் ஏரியின் வடக்குப் பக்கம் தண்ணீரின்மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அந்திச் செக்கர் நீரில் விழுந்த நிழல் என்றே முதலில் எண்ணினோம். கோடு அசைந்தது. அத்தனையும் பூநாரைகள்! குச்சிபோன்ற நீண்ட கால்கள், கொக்கிபோல் வளைந்த கழுத்து, நடுவில் ஒடிந்தாற்போன்ற அலகு. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சேற்றோடு உறிஞ்சி, சல்லடையில் சலிப்பதுபோல் சலித்து, நுண்ணிய பாசியையும் சிறு இறாலையும் மட்டும் நிறுத்திக்கொள்கின்றன. அந்த உணவில் இருக்கும் சாயமே அவற்றின் சிறகில் ஏறுகிறது. அன்று சாயவேர் துணிக்குத் தந்த சிவப்பை, இன்று ஏரி பறவைக்குத் தருகிறது என்று சொல்லலாம்.

பூநாரை நீச்சல் பறவையாக இங்கே வருவதில்லை. நின்று மேய்வதற்கு வருகிறது. ஆழம் குறைந்த தண்ணீர்தான் அதற்குப் பிரியம். கோடை முற்றி நீர் வற்ற வற்றக் கூட்டம் இடம் மாறிவிடும். நம் பக்கத்தில் முதுகுளத்தூருக்கு அருகேயுள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களிலும், தண்ணீர் நின்ற வருஷங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து கூடு கட்டுகின்றன. 2022-ல் அவ்விரண்டும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வறண்ட சீமைக்கு உலக வரைபடத்தில் அப்படியொரு கௌரவம்! கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று தாசில்தாரைக் கேட்பதைவிடப் பறவையைக் கேட்பது மேல்.

பழவேற்காட்டுக்குப் போக விரும்பும் குடும்பத்தாருக்கு இரண்டு வார்த்தை. மார்கழியிலிருந்து மாசி முடியப் போவது உத்தமம். கையில் குடிதண்ணீரும் தலைக்குத் துணியும் அவசியம். உல்லாசமாகப் படகேறும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 2011 டிசம்பர் 25-ம் தேதி, விடுமுறைக்கு வந்த குடும்பங்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுகளுக்குத் தடை விதித்தார்கள். ஏரியின் அழகு கரையில் நிற்பவர்களுக்கும் குறைவின்றிக் கிடைக்கிறது. ஊர்ப் பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளையும் பெட்டிகளையும் வாங்கி வாருங்கள். பேரம் அதிகம் பேசவேண்டாம்.

நாம் கொண்டுவந்த சரக்கு

சென்னைக்கு நடுவே ஓடும் பக்கிங்காம் கால்வாய் வடக்கே இந்தப் பழவேற்காட்டு ஏரி வழியாகத்தான் போகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் ஒரு பகுதியைத் தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அன்று கூலிக்கு மண் சுமந்தவர்கள் பட்டினியால் ஊரைவிட்டு வந்த ஜனங்கள். அந்தப் பஞ்சத்தின் பெயரை இன்றும் தென்பாண்டிச் சீமைக் கிழவிகள் பெருமூச்சில்லாமல் சொல்லுவதில்லை. கரை கட்டி, வரத்துக் கால் வெட்டி, கண்மாயைக் கண்ணைப்போல் காத்த ஊர்கள் தாக்குப் பிடித்தன, மற்றவை சிதறின.

நம் முன்னோர் வருஷந்தோறும் வீட்டுக்கு ஓர் ஆள் கொடுத்துக் கண்மாயைத் தூர் வாரினார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். தாமாகச் செய்துவந்த அந்தக் காரியத்தைக் கட்டாயமாக்க, 1858-ல் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு சட்டமே போட்டது. சட்டம் வந்தது, பழக்கம் மெல்லப் போயிற்று. 2017-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் அதே பெயரில் மறுபடியும் திட்டம் போட்டது. பெயர் திரும்பியது மகிழ்ச்சி. ஆனால் மண்வெட்டி பிடிக்கும் கை ஊருடையதாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்தகைதாரர் வருவார், போட்டோ எடுப்பார், போய்விடுவார். சீமைக் கருவேல் அங்கேயே நிற்கும்.

பழவேற்காட்டுப் பெரியவரின் பாடு நமக்குச் சொல்லும் சேதி இதுதான். முறை வைத்துப் பங்கிடுவது ஊரைச் சண்டையிலிருந்து காக்கும். ஆனால் பங்கிட வேண்டிய பொருளே தேய்ந்துபோனால், எவ்வளவு நேர்மையான முறையும் வெறும் சீட்டாகிவிடும். முகத்துவாரம் தூர்ந்த பிறகு எந்தக் குப்பத்துக்கு எந்தப் பாடு? வரத்துக் கால் அடைபட்ட பிறகு எந்த மடைக்கு எந்த முறை? முதலில் தண்ணீர் வரும் வாயைத் திறந்து வைக்கவேண்டும். அந்த வேலைக்கு எல்லோரும் வரவேண்டும். வந்தவர் எல்லோருக்கும் பிறகு பங்கும் இருக்கவேண்டும்.

வீரசோழன் வட்டாரத்தில் பங்குனி, சித்திரை இரண்டும் வயலில் வேலையற்ற மாதங்கள். மிளகாய் மூட்டை சந்தைக்குப் போய்விட்டது; கண்மாயின் உள்வாய் காய்ந்து கிடக்கிறது. தூர் வாருவதற்கு இதைவிட நல்ல முகூர்த்தம் பஞ்சாங்கத்தில் இல்லை. ஐப்பசி மேகம் யாருக்காகவும் காத்திராது.